மலைப் பேரிடர் எலெக்டிவ் எடுக்கலாமா? படிச்சு முடிச்சவளோட ரிவ்யூ

தஞ்சாவூர் பக்கம் ஒரு காலேஜ்ல எம்எஸ்சி ஜியாலஜி படிக்கிறேன், மலைப்பகுதி இயற்கைப் பேரிடர் பேப்பர் எப்படி இருக்குன்னு ஜூனியர் பசங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதான் எழுதுறேன். தாராளமா எடுங்க. வயக்காட்டுக்காரங்களுக்கு மலைச்சரிவு எதுக்குன்னு வீட்டுல கேப்பாங்க, 2018 ஆகஸ்ட்ட சொல்லுங்க. காவிரி பொறக்குற குடகுல மலை சரிஞ்ச அதே மாசம்தான் மேட்டூர் நெரம்பி வழிஞ்சு முக்கொம்புல கொள்ளிடம் மேலணை மதகு அடிச்சுக்கிட்டுப் போச்சு. மேல பேஞ்ச மழைதான் நம்ம ஊருக்கு வந்துச்சு, அது ரெண்டையும் சேர்த்து மேடம் நடத்துன கிளாஸ் அவ்வளவு நல்லா இருந்துச்சு.

சரிவு ஏன் சரியுதுங்கிற யூனிட்தான் உயிர். மழை ஊற ஊற மண் துகளுக்கு நடுவுல தண்ணி அழுத்தம் ஏறும், உராய்வு கொறையும், தாங்குற விசைய இழுக்குற விசையால வகுத்தா 1க்கு கீழ வந்துட்டா அந்த சரிவு நிக்காது. கணக்கு அவ்வளவுதான், ஜியாக்ரஃபி பசங்களும் பயப்பட வேணாம். அப்புறம் உத்தரகாண்ட்ல இருக்குற சமோலி. 2021 பிப்ரவரி 7 வெள்ளத்தப் பாத்துட்டு பனி ஏரி (பனிப்பாறை உருகித் தேங்குற ஏரி) ஒடஞ்சிருக்கும்னுதான் மொதல்ல பேசுனாங்க, சாட்டிலைட் படத்துல பாத்தா ரோன்டி சிகரத்துலேர்ந்து பாறையும் பனியுமா சுமார் 2.7 கோடி கன மீட்டர் பேந்து விழுந்திருக்கு. முந்தின படம், பிந்தின படம் ரெண்டையும் குடுத்து எங்களையே கண்டுபிடிக்கச் சொன்னாங்க.

ஃபீல்ட் ட்ரிப் குன்னூர், கோத்தகிரி, 2009 நவம்பர்ல சரிஞ்ச பக்கம். சார்னோகைட் பாறைக்கு மேல ஆழமா செம்மண், அத ரோட்டுக்காக நட்டுக்குத்தா வெட்டி வச்சிருக்காங்க, தண்ணி வடிய வழியும் சரியா விடல, பாக்கவே வயித்தக் கலக்குது. அடிமரம் வளைஞ்சு நிக்குறது, சுவத்துல புது விரிசல், ஊத்துத் தண்ணி திடீர்னு கலங்கி வர்றது, இதெல்லாம் எதுக்கு அறிகுறின்னு அங்க நின்னு பாத்தாதான் மனசுல நிக்கும், புக்ல வராது.

கொறைன்னா லேப்தான். சிஸ்டம் பத்தல, சரிவு அபாய மேப் போட ஆரம்பிக்கிறதுக்குள்ள ஹவர் முடிஞ்சிடும், பாதிப் பேர் மேப்ப முடிக்காமலே ரெக்கார்டு வச்சாங்க, இது ரொம்ப வருத்தம். வீட்டு லேப்டாப்ல க்யூஜிஐஎஸ்ங்கிற மேப் போடுற சாஃப்ட்வேர் போட்டுக்கங்க, ஃப்ரீதான், இஸ்ரோவோட புவன் தளத்துல கார்ட்டோசாட் சாட்டிலைட்டோட நில உயரத் தரவும் காசில்லாம எறக்கிக்கலாம். பனி ஏரி பாடத்தையும் கடைசில ஓட்டிட்டாங்க, 2023 சிக்கிம் வெள்ளம் சுங்தாங் அணையையே அடிச்சுட்டுப் போனது ஒரே ஸ்லைடு.

ஆப்ஷன் ஃபார்ம் குடுக்குறதுக்கு முன்னாடி இந்த வருஷம் ட்ரிப் உண்டான்னு டிபார்ட்மென்ட்ல கேட்டுக்கங்க. இல்லன்னா வேற பேப்பர் பாருங்க.