ஸ்போர்ட்ஸ் ஃபீல் என்று சொல்லி ஸ்டியரிங்கை இறுக்கிவிடுகிறார்கள்: ராமநாதபுரம் கார்க்காரர்கள் கவனிக்கவும்

"ஸ்டியரிங் ஃபீலை ஏற்றித் தர்றேன், தம்பி" என்று ராமநாதபுரம் பக்கம் யாராவது சொன்னால், சாவியைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என்னிடம் ரூ.14,000 வாங்கிக்கொண்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரை ஆபத்தான காராக மாற்றிக் கொடுத்தார்கள். பணம் போனதுகூடப் பரவாயில்லை. அந்த வண்டியில் அப்பா அம்மாவை உட்கார வைத்துப் பாம்பன் பாலம் ஏறினேன். அந்தக் கோபம்தான் இன்னும் அடங்கவில்லை.

என் கார் ஹூண்டாய் ஐ20 என் லைன். சாதாரண ஐ20-ஐவிட ஸ்டியரிங்கையும் சஸ்பென்ஷனையும் கம்பெனியே கொஞ்சம் இறுக்கமாகத்தான் வைத்திருக்கிறது. ஆனாலும் எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் என்பதால் நடுவில் பிடித்து நேராகப் போகும்போது சாலை கைக்குச் சரியாகத் தெரியாது. பழைய ஹைட்ராலிக் ஸ்டியரிங் கார்களை ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்த ஏக்கம் புரியும். அந்த ஏக்கத்தைத்தான் அந்த ஒர்க் ஷாப்காரர் காசாக்கினார்.

அவர் சொன்ன வேலை மூன்று. லேப்டாப் மாட்டி ஸ்டியரிங் கம்ப்யூட்டரை ட்யூன் செய்வது, வீல் அலைன்மென்ட்டை "ஸ்போர்ட்ஸ் அளவுக்கு" வைப்பது, அப்புறம் "ரேக் செட்டிங்" (ரேக் என்பது ஸ்டியரிங் சுற்றலை முன்சக்கரங்களுக்குக் கடத்தும் பல் தண்டு அமைப்பு). மாலையில் வண்டியை எடுத்தபோது ஸ்டியரிங் நிஜமாகவே கனமாக இருந்தது. "பார்த்தீங்களா, இதுதான் ஸ்போர்ட்ஸ் ஃபீல்" என்றார். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார். அலைன்மென்ட் பிரின்ட் அவுட் மட்டும் கலரில், பளபளவென்று இருந்தது.

உச்சிப்புளி தாண்டும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேராக வரவில்லை. விட்ட இடத்திலேயே நின்றது. பாம்பன் சாலைப் பாலத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் திறந்த கடல். பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும்போது ஸ்டியரிங்கை இம்மியளவு திருப்பினால் போதும். அந்த இம்மி திருப்பல் என் கைக்கு வரவே இல்லை. பிடித்துக்கொண்டு நிற்கும், அழுத்தினால் சட்டென்று கூடுதலாகத் திரும்பிவிடும். எதிரே சுற்றுலாப் பேருந்துகள். பின்சீட்டில் அம்மா முருகனைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

ராமநாதபுரம் டவுனில் வேறொரு மூத்த மெக்கானிக்கிடம் போனேன். லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்துப் பார்த்தவர், ஐந்து நிமிடத்தில் ரேக் பக்கம் விரலைக் காட்டினார். ஸ்டியரிங் ரேக்கில் பல் சக்கரமும் பல் தண்டும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தி நிற்க, ஸ்பிரிங் வைத்த ஓர் அழுத்தி இருக்கும். அதை ஒரு மூடி நட்டால் கம்பெனியில் நுணுக்கமாக அளந்து வைத்து, லாக் நட் போட்டுப் பெயின்ட் குறி வைத்திருப்பார்கள். என் வண்டியில் அந்தக் குறி உடைந்து, நட்டில் புது ஸ்பேனர் காயம். "ஸ்போர்ட்ஸ் செட்டிங்னு சொன்னது இதைத்தாண்ணே, இழுத்து முறுக்கிட்டாங்க" என்றார்.

இதுதான் இந்த ஏமாற்றின் மையம், நிதானமாகப் படியுங்கள். ஃபீல் என்பது டயர் சாலையில் எவ்வளவு பிடித்திருக்கிறது என்ற செய்தி, ரேக் வழியாகக் கைக்கு வருவது. ரேக்கை முறுக்கினால் வருவது வெறும் உராய்வு. துருப்பிடித்த கிணற்று ராட்டினம் கனமாகத்தான் சுற்றும். ஆனால் வாளியில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று அந்தக் கயிற்றில் தெரியாது. முன்சக்கரத்தின் காஸ்டர் கோணம்தான் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) ஸ்டியரிங்கை நேராகத் திருப்பிக் கொண்டுவரும் விசைகளில் முக்கியமானது. உராய்வு அந்த விசையையும் தின்றுவிடும். அப்படியே ஓட்டினால் ரேக்கின் பற்களும் தேயும். நல்லவேளை, என் ரேக் தப்பித்தது. அளவோடு தளர்த்தி வைத்ததும் ஸ்டியரிங் பழையபடி திரும்பி வந்தது.

அந்தக் கலர் பிரின்ட் அவுட்டுக்கு வருகிறேன். அதில் பின்சக்கர டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) முதலில் அளவு தப்பியதாகச் சிவப்பில் இருந்து, "சரிசெய்த பின்" பச்சையாகியிருந்தது. ஐ20-க்குப் பின்னால் இருப்பது டார்ஷன் பீம் அச்சு. இரண்டு சக்கரமும் ஒரே இரும்பில். டோவைத் திருத்த அதில் போல்ட்டே கிடையாது. இல்லாத போல்ட்டைத் திருகி எப்படிப் பச்சையாக்கினார்கள்? முன்னால்கூட காஸ்டரை மாற்ற இந்த வண்டியில் வழியில்லை. ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடைத் திருகி முன் டோவை மட்டுமே சாதாரணமாகத் திருத்த முடியும். லேப்டாப் கதையும் அதே ரகம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பார்த்தபோது ஸ்டியரிங் சாஃப்ட்வேரில் யாரும் கை வைக்கவே இல்லை.

உண்மையிலேயே ஃபீல் வேண்டுமென்றால் செலவு கம்மிதான், முதலில் டயரைப் பாருங்கள். காற்றழுத்தம் டிரைவர் கதவோர ஸ்டிக்கரில் போட்டபடி இருக்க வேண்டும். டயர் பக்கச்சுவரில் டாட் (DOT) எழுத்துகளின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும்: 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். கெட்டிப்போன பழைய டயரை வைத்துக்கொண்டு எந்த ட்யூனும் செய்ய முடியாது. அடுத்தது முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் இணைப்புகள்: பால் ஜாயின்ட், டை ராடு எண்டு, கன்ட்ரோல் ஆர்ம் புஷ். நம் பக்கம் உப்புக் காற்றும், தனுஷ்கோடி சாலையில் வீசும் மணலும் உண்டு, அதனால் முதல் இரண்டின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிழிசலில் மணல் புகுந்துவிட்டால் ஆட்டம்தான். கடலோரம் போய்வந்தால் அடிப்பக்கம் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். இதையெல்லாம் பார்த்து முன் டோவையும் சரிவைத்த பிறகு என் கார் முதல் நாளைவிட நன்றாகப் பேசுகிறது.

அந்த ஒர்க் ஷாப்புக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். "டைட்டா இருந்தாத்தான் தம்பி ஸ்போர்ட்ஸ், உங்களுக்கு ஓட்டத் தெரியல" என்றார். பணம் திரும்பவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. மெக்கானிக் எடுத்த நட்டின் படமும், அந்தப் பிரின்ட் அவுட்டும், துண்டுச் சீட்டும், ஜிபே ரசீதும் என்னிடம் இருக்கின்றன.

டார்ஷன் பீம் வைத்த உங்கள் காருக்கும் பின் டோ பச்சையான பிரின்ட் அவுட்டை யாராவது கொடுத்திருந்தால் கிழித்துப் போடாதீர்கள். தேதி எழுதிப் பத்திரமாக வையுங்கள். ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்புகிறதா என்று இன்றைக்கே காலி மைதானத்தில், நடை வேகத்தில் பாருங்கள். திரும்பவில்லை என்றால் பாலம் ஏறாதீர்கள். முதலில் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள்.