பென் டிரைவில் மறைகோப்புகள்: தடுப்பதா, துடைப்பதா?

பெங்களூரு அல்சூரில் ஆடி மாதக் கோயில் ஸ்பீக்கருக்கு மேக் கணினியிலிருந்து பாட்டு ஏற்றித் தருபவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். 40 பாட்டு போட்ட பென் டிரைவில் சில பிளேயர்கள் 80 என்று காட்டும், பாதி ஓடாது. எஃப்ஏடி32, எக்ஸ்ஃபேட் என்ற முறைகளில் ஃபார்மேட் செய்த டிரைவுகளில் மேக்கின் கூடுதல் தகவலுக்குத் தனி இடம் இல்லை. அதனால் மேக், பெயருக்கு முன்னால் புள்ளியும் அடிக்கோடும் வைத்து, பெரும்பாலும் 4 கேபி அளவில், பாட்டுக்கு ஒரு துணைக்கோப்பை எழுதிவிடுகிறது.

தடுக்க, மேக்கில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் 'டிஎஸ்டோன்ட்ரைட்யூஎஸ்பிஸ்டோர்ஸ்' (DSDontWriteUSBStores) அமைப்பை ஒருமுறை இயக்கினால் போதும் என்பார்கள். போதாது. ஃபோல்டரின் தோற்றத்தைக் குறித்துவைக்கும் டிஎஸ்_ஸ்டோர் மட்டும்தான் நிற்கும். பாட்டோடு ஒட்டிவரும் துணைக்கோப்பு வந்துகொண்டே இருக்கும்.

துடைக்க, டிரைவைக் கழற்றுமுன் டெர்மினலில் டாட்_கிளீன் (dot_clean), இடைவெளி விட்டு மைனஸ் எம் (-m), அப்புறம் இடைவெளி விட்டு டிரைவின் பாதை என்று கொடுங்கள். துணைக்கோப்புகள் போய்விடும். உடனே எஜெக்ட் செய்துவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டும், தொல்லைதான்; ஆனாலும் பாட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பழைய மேக் ஃபான்ட்கள் உள்ள டிரைவில் மட்டும் வேண்டாம். அவற்றின் உயிரே அந்தத் துணைக்கோப்பில் இருக்கலாம்.