தங்கச்சிமடம் முதல் கீழக்கரை வரை: மாற்றம் செய்து கெட்டுப்போன கிட்டார் ஆம்பை ஊரில் எங்கே, எப்படிச் சரிசெய்வது

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஊரில் விட்டுவிட்டுப் போகும் பொருட்களில் வால்வு (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்) போட்ட கிட்டார் ஆம்புக்குத்தான் பழுதுபார்க்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. இந்த முறை தங்கச்சிமடத்தில் கோயில் பாடகர் குழுவுக்கு வாசிக்கும் ஒரு செட்டைச் சரிசெய்ய, பாம்பனிலிருந்து ராமநாதபுரம், கீழக்கரை, கடைசியில் மதுரை வரை போக வேண்டியிருந்தது. எந்தக் கடையில் எந்த வேலை நடக்கும், எதைக் கொடுக்கவே கூடாது என்று தெரிந்தால் அடுத்து வருகிறவருக்கு விடுமுறை நாட்கள் மிஞ்சும்.

செட் 15 வாட். ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிக் கட்டத்தில் இரண்டு இஎல்84 வால்வு, முன்னால் மூன்று சிறிய 12ஏஎக்ஸ்7 வால்வு, ஒரு 8 ஓம் ஸ்பீக்கர். அமெரிக்காவில் வாங்கியது என்பதால் 120 வோல்ட். குழுவில் வாசிக்கிற தம்பி மூன்று மாற்றம் செய்திருந்தார்: பயாஸில் (வால்வில் ஓடும் கரண்டைக் கட்டுக்குள் வைக்கும் மைனஸ் வோல்ட்) நிலையான ரெசிஸ்டரை எடுத்துவிட்டு பிரிசெட் (திருகி அளவு மாற்றும் சின்ன ரெசிஸ்டர்), டோன் பகுதியில் வேறு மதிப்புள்ள கன்டென்சர், ஹம் குறைய என்று பெரிய ஃபில்டர் கன்டென்சர். கொஞ்ச காலம் நன்றாகப் பாடியது. பிறகு உறுமல் வந்தது, ஒரு வால்வின் தகடு சிவந்தது, பியூஸ் போனது. போன பியூஸுக்குப் பதில் யாரோ ஒயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவிச் சுற்றி வைத்திருந்தார்கள். நம் ஊர்க் கட்டவுட்டில் பியூஸ் கம்பி மாற்றுகிற பழக்கம் அப்படியே இங்கும் வந்துவிடுகிறது. வால்வு செட்டில் அது டிரான்ஸ்பார்மரைக் கொல்லும் வேலை. பின்பக்கம் அச்சிட்டிருக்கும் அளவில், மெதுவாக எரியும் ரகக் கண்ணாடி பியூஸ் மட்டும்தான் போட வேண்டும்.

முதலில் யாரிடம் கொடுப்பது என்பது. கடற்கரை நெடுக மைக்செட் கடைகள் இருக்கின்றன. திருவிழா, சந்தனக்கூடு, கட்சிக் கூட்டம் என்று ஓயாமல் ஓடும் செட்டுகளைப் பார்த்துப் பழகிய கைகள். ஆனால் இளைய மெக்கானிக்குகள் பழகியது 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட போர்டுகள். அதில் மின்சாரம் 50, 60 வோல்ட்டைச் சுற்றித்தான். வால்வு செட்டில் 300 வோல்ட் டிசி ஓடுகிறது, சுவிட்சை அணைத்த பிறகும் கன்டென்சரில் நிற்கிறது. இதை முன்கூட்டியே சொல்லாமல் செட்டைக் கடையில் வைத்துவிட்டு வருவது அந்தப் பையனுக்குச் செய்யும் அநியாயம்.

தேட வேண்டியது பழைய ரேடியோ மெக்கானிக்கை. இலங்கை வானொலி தெளிவாகக் கேட்ட கரை இது. வால்வு ரேடியோவைத் திறந்து வேலை பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் இருப்பார்கள். அந்த ரேடியோக்கள் பலவற்றில் இருந்ததும் இதே இஎல்84தான். மைக்செட் கடையில் கேட்டாலே ஆளைக் காட்டிவிடுகிறார்கள். அப்படிப் போன இடத்தில் அந்தப் பெரியவர் பின்மூடியைக் கழற்றியதும் கேட்டது ஒன்றே:

"தம்பி, இதுல என்னென்ன மாத்துனீங்க? மறைக்காம சொல்லுங்க. செட்டு தானா கெட்டா ஒரு மாதிரி தேடணும், கை வச்சுக் கெட்டா வேற மாதிரி தேடணும்."

முழு வேலையும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. மாற்றத்துக்குப் பிறகு கெட்ட செட்டில் முதல் சந்தேகம் மாற்றிய இடத்தின் மேல்தான். ஆகவே சர்க்யூட் படத்தைத் தாளில் எடுத்துக்கொண்டு போங்கள். மாற்றிய பாகங்களைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் ஒரு கவரில் போட்டுக் கொடுங்கள். மாற்றத்துக்கு முன் எடுத்த போட்டோ இருந்தால் அது எல்லாவற்றையும்விடப் பெரிது.

இனி வேலை. பிளக்கைப் பிடுங்கிய பிறகு 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் இரு காலிலும் நன்றாக இன்சுலேஷன் உள்ள ஒயர் வைத்து, ஒரு முனையைச் சேசிஸிலும் (செட்டின் உலோகச் சட்டம்) மறுமுனையை ஒவ்வொரு ஃபில்டர் கன்டென்சரின் பாசிட்டிவிலும் பத்து நொடி பிடிக்க வேண்டும். மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் பண்ணிப் பொறி பறக்க வைப்பது சில கடைகளில் வழக்கம். கன்டென்சருக்கும் கெடுதல், கண்ணுக்கும் ஆபத்து. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்து சீரிஸ் லாம்ப். எல்லா மைக்செட் கடையிலும் சீரிஸ் போர்டு இருக்கும், ஒரு பல்ப் வழியாகத்தான் செட்டுக்கு மின்சாரம் போகும். அதில் 60 வாட் குண்டு பல்பாக இருக்க வேண்டும், எல்இடி பல்ப் இந்த வேலைக்கு உதவாது. 120 வோல்ட் செட் என்றால் பல்ப் ஸ்டெப்-டவுனுக்கு (230 வோல்ட்டைக் குறைத்துத் தரும் பெட்டி) முன்னால், 230 வோல்ட் பக்கத்தில் இருக்கட்டும். வால்வு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுங்கள். பல்ப் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் டிரான்ஸ்பார்மர், டயோடு, ஃபில்டர் மூன்றும் பெரும்பாலும் நலம். மங்காமல் முழுதாக எரிந்தால் இந்த மூன்றில் ஒன்று ஷார்ட். டயோடு 1என்4007 எந்த டிவி கடையிலும் கிடைக்கும், சந்தேகம் வந்தால் மொத்தமாக மாற்றிவிடலாம். பெரிய ஃபில்டர் கன்டென்சர் போட்டவர்கள் இங்கே மாட்டுவதுண்டு. கன்டென்சர் பெரிதாகப் பெரிதாக ஆன் செய்யும் கணத்தில் இழுக்கும் கரண்டும் ஏறும், டயோடும் பியூஸும் அந்த அடியை வாங்கும். முதல் ஃபில்டரில் படத்தில் போட்டிருக்கும் மைக்ரோஃபாரட்டையே வையுங்கள். வோல்ட் 450க்குக் குறையக் கூடாது, 105 டிகிரி ரகமாக இருந்தால் நல்லது.

தங்கச்சிமடத்துச் செட்டில் இந்தச் சோதனை சுத்தமாகத் தேறியது. அப்படியானால் கோளாறு பயாஸ் பக்கம். வால்வு இல்லாமலே இஎல்84 சாக்கெட்டின் 2ஆம் காலில் மைனஸ் வோல்ட் அளக்கலாம். இந்த வகைச் செட்டில் மைனஸ் 10ஐ ஒட்டி வர வேண்டும். ஒரு சாக்கெட்டில் சரியாகத்தான் இருந்தது, ஆனால் பிரிசெட்டை மரக்குச்சியால் லேசாக அழுத்தினால் பூஜ்யத்துக்கு இறங்கியது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது பிரிசெட்டின் நடுக்காலைச் சுற்றி மயிரிழை வட்டம்: ஈயம் காலில் ஒட்டியிருந்தது, போர்டில் ஒட்டவில்லை. ஆம்ப் அதிர அதிர அந்தக் கால் விட்டு விட்டுப் பிடித்திருக்கிறது. விட்ட நேரத்தில் வால்வுக்குக் கடிவாளம் இல்லை. கரண்ட் கட்டுக்கடங்காமல் ஓடி, தகடு சிவந்து, 9ஆம் காலுக்குப் போகும் ஸ்கிரீன் ரெசிஸ்டர் கருகி, பியூஸ் போயிருக்கிறது.

பிரிசெட் வைக்கிறவர்கள் இரண்டு விஷயத்தைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். நடுக்கால் விட்டுப்போனால் பயாஸ் பூஜ்யத்துக்குப் போகாமல், மைனஸ் பக்கம் கூடும்படி இணைப்பு இருக்க வேண்டும். அப்போது சத்தம்தான் குறையும், வால்வு பிழைக்கும். அடுத்தது பயாஸ் கன்டென்சரின் திசை. அங்கே பாசிட்டிவ் கால்தான் சேசிஸுக்குப் போகும். மற்ற இடங்களில் பார்த்த பழக்கத்தில் திருப்பி வைத்துவிடுவது மிகச் சாதாரணமான தவறு.

பயாஸ் சரியான பிறகு ஒவ்வொரு இஎல்84இன் 3ஆம் காலுக்கும் சேசிஸுக்கும் நடுவில் 1 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் போட்டுவிடுங்கள். அதில் வரும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மில்லியாம்பியர். இஎல்84இன் தகடு தாங்குவது 12 வாட். அதில் 70 சதவீதம் 8.4 வாட். தகட்டில் 320 வோல்ட் இருந்தால் 26 மில்லியாம்பியர். அதற்குக் கீழே, 20 முதல் 24க்குள் நிறுத்துவது இந்த வெயிலுக்கும் இந்த மின்சாரத்துக்கும் நல்லது.

முன்வால்வுகளில் மீட்டரே கதை சொல்லிவிடும். 12ஏஎக்ஸ்7இன் 1, 6ஆம் கால்களில் 150 முதல் 250 வோல்ட் வரை இருக்கலாம். அந்தக் கட்டத்துக்கு வரும் சப்ளை வோல்ட் குறையாமல் அப்படியே நின்றால் வால்வில் கரண்டே ஓடவில்லை, 3 அல்லது 8ஆம் காலின் 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் விட்டிருக்கும். ஹம்மையும் காதால் பிரிக்கலாம். நம் ஊரில் 100 ஹெர்ட்ஸ் ஹம் என்றால் ஃபில்டர், 50 ஹெர்ட்ஸ் என்றால் ஹீட்டர் ஒயரோ எர்த் சுற்றோ. அவுட்புட் டிரான்ஸ்பார்மரை மாற்றியவர்கள் ஆன் செய்ததும் ஊளை கேட்டால், 7ஆம் கால்களுக்குப் போகும் இரண்டு ஒயரையும் இடம் மாற்றினால் அடங்கும்.

எந்தச் சோதனையிலும் ஸ்பீக்கர் இணைந்தே இருக்க வேண்டும். வால்வு செட்டைச் சுமையில்லாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் உள்ளுக்குள் பொறி தட்டிப் போய்விடும். மைக்செட் கடையில் கையில் கிடைத்ததை மாட்டுவார்கள். 8 ஓம் கேபின் பரவாயில்லை, 100 வோல்ட் லைன் ஹார்ன் கூடவே கூடாது.

உப்புக்காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே கடைகளில் சால்டரிங்குக்குத் தகர டப்பாவில் வரும் பேஸ்ட்டைத் தாராளமாகத் தொடுகிறார்கள். ஈயம் சட்டென்று பிடிக்கும், உண்மைதான். ஆனால் மிச்சம் போர்டில் தங்குகிறது. அதன்மேல் கடல் உப்பு படிந்து, ராத்திரி ஈரம் ஏறினால், 300 வோல்ட் ஓடும் தடத்துக்கும் பக்கத்துத் தடத்துக்கும் நடுவே கசிவு தொடங்குகிறது. பகலில் ஒழுங்காக இருக்கும் செட் அதிகாலைப் பூசைக்கு மட்டும் படபடவென்று வெடிக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். பேஸ்ட் வேண்டாம், ரோசின் உள்ளே இருக்கும் 60/40 ஈயம், 0.8 மில்லிமீட்டர், போதும் என்று கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷ்ஷும் கொண்டு தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்து, நன்றாகக் காயவிட வேண்டும். நகப்பூச்சு நீக்கும் திரவத்தை எடுத்துவிடாதீர்கள், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். வால்வு சாக்கெட்டின் உள்பிடிகளும் இன்புட் ஜாக்கின் சுவிட்சும் பச்சை பூத்திருக்கும். அவற்றுக்கு காண்டாக்ட் கிளீனர்.

ஸ்டெப்-டவுனிலும் ஒரு பொறி இருக்கிறது. 230க்கு 110 தரும் 300 விஏ பெட்டி இந்த அளவு செட்டுக்குப் போதும். ஆனால் மலிவான பெட்டிகளில் வெளிவாய் இரண்டு ஓட்டைதான், எர்த் அங்கேயே அறுந்துபோகும். மூன்று பின் சாக்கெட் உள்ளதாக வாங்குங்கள், அல்லது கடையிலேயே எர்த் ஒயரை நேராக இழுத்துவிடச் சொல்லுங்கள். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த டிரான்ஸ்பார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சுடும். 110 வோல்ட்டிலேயே இரும்பில் ஏறும் காந்தப்பாய்வு 10 சதவீதம் அதிகம். மின்சாரம் ஏறி அடிக்கும் இரவுகளில் இன்னும் கூடும். மூடியைத் துணி போட்டு மூடி வாசிக்கக் கூடாது.

எர்த் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. உப்பு மண்ணில் ஜிஐ பைப் சீக்கிரம் அரித்துப்போகிறது, மேலே ஒயர் இருக்கும், கீழே பைப் இருக்காது. எலக்ட்ரீசியனை அழைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். ஹம் போகட்டும் என்று எர்த் பின்னை வெட்டிவிட்ட பிளக்கைக் கண்டால் உடனே மாற்றுங்கள். திருவிழாவில் ஆம்ப் ஒரு லைனிலும் மைக்செட் ஜெனரேட்டரிலும் ஓடினால், கிட்டார் கம்பியில் கை, மைக்கில் உதடு என்று நிற்கிறவர் உடம்பு வழியாகத்தான் இரண்டும் சேரும். பாடும் பிள்ளைகள் நிற்கும் இடம் அது. இரண்டையும் ஒரே போர்டிலிருந்து எடுக்கச் சொல்லி, பாட்டு தொடங்குமுன் மைக் வலைக்கும் கிட்டார் கம்பிக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

டிரான்ஸ்பார்மர் எரிந்திருந்தால்? மோட்டார் காயில் கட்டும் கடைகள் ராமநாதபுரத்திலும் கீழக்கரையிலும் உண்டு. மெயின் டிரான்ஸ்பார்மரை அவர்கள் கட்டிவிடுவார்கள். பழைய சுற்று எண்ணிக்கையையும் கம்பி கேஜையும் பிரிக்கும்போதே எண்ணி எழுதச் சொல்ல வேண்டும், கட்டி முடித்ததும் வார்னிஷில் முக்கிக் காயவைக்க வேண்டும். முதல் சுற்றை 230க்கே கட்டிவிட்டால் ஸ்டெப்-டவுன் தொல்லையும் ஒழிந்தது, அப்போது பியூஸ் அளவைப் பாதியாக்க மறக்கக் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மரை மட்டும் அங்கே கொடுக்காதீர்கள். அதில் முதல் சுற்றும் இரண்டாம் சுற்றும் அடுக்கடுக்காக மாறி மாறி வரும். அந்த அடுக்கு மாறினால் செட் வேலை செய்யும், மேல்ஸ்தாயி மட்டும் மூடிப்போகும். சோதிக்காமல் அது எரிந்துவிட்டது என்று முடிவு கட்டவும் வேண்டாம். தகட்டுப் பக்கம் 8,000 ஓம், ஸ்பீக்கர் பக்கம் 8 ஓம் என்றால் சுற்று விகிதம் 31.6. செட்டிலிருந்து ஒயரை விடுவித்து, ஸ்பீக்கர் பக்கம் 1 வோல்ட் ஏசி கொடுத்து, தகட்டு ஒயர் இரண்டுக்கும் நடுவே சுமார் 32 வோல்ட் வந்தால் டிரான்ஸ்பார்மர் நலம். இந்தச் செட்டில் வந்தது.

பாகங்களில் பாதி உள்ளூரிலேயே கிடைத்தது. 0.022 மைக்ரோஃபாரட் கேட்டால் புரியாது, "223, 630 வோல்ட்" என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். 100 கிலோ ஓம் 1 வாட், 1 ஓம் 1 வாட் ரெசிஸ்டர்களும் 450 வோல்ட் ஃபில்டரும் மதுரை டவுன்ஹால் ரோடு பக்கத்தில் கிடைத்தன. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு தீவிலிருந்து மதுரைக்கு ரயிலிலேயே போய் வரலாம். செட்டையே எடுத்துப் போவதானால் வால்வுகளைக் கழற்றித் துணியில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள். வால்வு மட்டும் எங்கும் கைக்குக் கிடைக்கவில்லை. வரும்போதே பொருத்தமான ஒரு ஜோடி இஎல்84உம் ஒரு 12ஏஎக்ஸ்7உம் கொண்டு வருவதுதான் வழி. இவற்றுக்கே 6பிக்யூ5, இசிசி83 என்ற பெயர்களும் உண்டு, பெரியவர்களிடம் அந்தப் பெயர்களில் கேட்டால் சில வீட்டு அலமாரிகளிலிருந்து வரவும் கூடும்.

செட்டை வாங்கும்போது சீரிஸ் லாம்ப் இல்லாமல் அரை மணி நேரம் ஓடவிட்டு, இரண்டு 1 ஓம் ரெசிஸ்டரிலும் அளவு ஏறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். அந்த எண்களையும் தேதியையும் எழுதிப் பின்மூடியின் உட்பக்கம் சர்க்யூட் படத்தோடு ஒட்டச் சொல்லுங்கள். பிரிசெட் எந்தப் பக்கம் திருப்பினால் கரண்ட் கூடும் என்பதற்கு ஓர் அம்புக்குறியும் போட்டுவிட்டால், ஊரில் வாசிக்கிற தம்பி அடுத்த ஜோடி வால்வை யார் உதவியும் இல்லாமல் மாற்றிக்கொள்வார்.