ஹோண்டா சிட்டிக்கு கோல்ட் ஏர் இன்டேக் மாட்டியாச்சு, ஏற்காடு ரோட்டில் எப்படி இருக்கிறது?

கோல்ட் ஏர் இன்டேக் என்றால் என்ஜினுக்கு வெளியிலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுபோகும் குழாயும் ஃபில்டரும். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்தம் அருமை, கடையில் மாட்டிய வேலை பரவாயில்லை, பிக்கப் கிட்டத்தட்ட அதேதான். சத்தத்துக்காகப் பணம் போடலாம் என்று நினைப்பவர்கள் தாராளமாகப் போடுங்கள். மலை ஏற இழுவை கூடும் என்று யாராவது சொல்லி வாங்கப் போகிறீர்கள் என்றால் மிச்சத்தையும் படித்துவிடுங்கள்.

வண்டி ஹோண்டா சிட்டி 1.5 ஐ-விடெக், பெட்ரோல், மேனுவல், டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) கிடையாது. வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. கடை சேலம் ஐந்து ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. நல்லதும் கெட்டதும் கலந்து சொல்லப் போவதால் கடைப் பெயரும் கிட் பெயரும் வேண்டாம். அலுமினியக் குழாய், எண்ணெய் தடவிய காட்டன் கோன் ஃபில்டர், சிலிக்கான் ஹோஸ், கிளாம்ப், ஒரு தகரத் தடுப்பு எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய், மாட்டுக்கூலி 1,500. “பத்து எச்பி கூடுமுங்க சார்” என்றார் கடைக்காரர், எச்பி என்றால் குதிரைத்திறன். டைனோவில் (என்ஜின் சக்தியை அளக்கும் மெஷின்) ஏற்றிப் பார்த்த பேப்பர் இருக்கிறதா என்று கேட்டேன், டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் என்னவென்றால், கம்பெனி கொடுத்த ஏர்பாக்ஸே (ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டி) பெரும்பாலான கார்களில் கோல்ட் ஏர் இன்டேக்தான். அதன் மூக்கு கிரில் பக்கமோ ஃபெண்டர் பக்கமோ நீட்டிக்கொண்டு வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது, பெட்டி மூடியிருப்பதால் என்ஜின் சூடு உள்ளே வருவதில்லை. அதைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தடுப்பே இல்லாமல் போனட்டுக்குள் கோனைத் தொங்கவிட்டால் அது உறிஞ்சுவது வெந்த காற்றை. சூடு பத்து டிகிரி கூடினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய மூன்று சதவீதம் குறையும், அந்த அளவுக்கு இழுவையும் போகும். அதனால் கிட் வாங்கும்போது குழாயின் பளபளப்பைப் பார்க்காதீர்கள், தகரத் தடுப்பு போனட் மூடினால் ரப்பர் பீடிங்கோடு ஒட்டி நிற்கிறதா, வெளிக்காற்று வர வழி இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு வந்த தடுப்பு ஒரு பக்கம் விரற்கடை இடைவெளி விட்டது. பையன் ஒருவன் பழைய டோர் பீடிங்கை வெட்டி அளவெடுத்து ஒட்டிக் கொடுத்தான், கிட் செய்தவனைவிட அவன் கெட்டிக்காரன்.

மாட்டும் வேலையை நின்று பார்த்தேன். பாட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள், அது பிடித்தது. அடுத்து கவனிக்க வேண்டியது காற்றோட்டத்தை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார். பழைய குழாயிலிருந்து எடுத்துப் புதுக் குழாயில் பொருத்துவார்கள். அந்த இடத்தில் குழாயின் உள்விட்டம் கம்பெனிக் குழாய் அளவே இருக்க வேண்டும். பெரிய குழாய் என்றால் அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் குறைவாகக் கணக்குச் சொல்லும், ஈசியூ (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் குறைக்கும், கொஞ்ச நாளில் செக் என்ஜின் லைட் எரியலாம். வெர்னியர் அளவுகோல் கொண்டுபோய் அளந்தேன், இதில் அளவு சரியாகவே இருந்தது. என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதர் குழாயைச் சில இடங்களில் அப்படியே விட்டுவிட்டுக் குட்டி ஃபில்டர் ஒன்றைச் செருகி அழகு காட்டுவார்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், ஆயில் வாடை கேபினுக்குள் வரும். புதுக் குழாயில் அதற்கென்று முனை இருக்கிறது, அதில்தான் மாட்டச் சொல்ல வேண்டும்.

கடை மேல் ஒரே குறை, என்ஜினுக்குள் காற்று நுழையும் த்ராட்டில் பக்கத்துக் கிளாம்பைச் சரியாக முறுக்கவில்லை. சில நாளிலேயே ஐடிலில் வண்டி நடுங்கியது, ‘ஸ்ஸ்’ என்று ஒரு இழுப்புச் சத்தம் வேறு. சென்சாருக்குப் பின்னால் காற்று கசிந்து உள்ளே போனால் அது கணக்கில் வராது, அதனால் வரும் தொல்லை இது. திரும்பப் போனதும் காசு வாங்காமல் சரிசெய்தார்கள், முகம் மட்டும் கொஞ்சம் சுருங்கியது.

இப்போது மலைக்கு வருவோம். புளூடூத் ஓபிடி ரீடரில் (வண்டியின் சென்சார் கணக்குகளைப் போனில் காட்டும் கருவி) உள்ளே போகும் காற்றின் சூட்டைப் பார்த்துக்கொண்டே ஏறினேன் (நான் பார்க்கவில்லை, பக்கத்தில் மச்சான் வாசித்தான்). கோரிமேட்டில் வண்டி நகர்ந்துகொண்டிருந்தவரை வெளிச்சூட்டைவிட ஆறேழு டிகிரிதான் கூட. அடிவாரம் தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவும் முதல் கியர், இரண்டாவது கியர் என்று பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்தபோது 60 டிகிரியைத் தாண்டிவிட்டது. முன்னால் பாதை கிடைத்து வேகம் எடுத்ததும் இறங்குகிறது, ஆனால் ஏற்காடு ரோட்டில் அப்படி எத்தனை இடம் கிடைக்கும்? வளைவிலிருந்து வெளியே வரும்போது இழுவை வேண்டிய அந்த நேரத்தில்தான் காற்று சூடாக இருக்கிறது. கம்பெனி ஏர்பாக்ஸோடு இதே ரோட்டில் இவ்வளவு ஏறி நான் பார்த்ததில்லை.

அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மேலே போனால் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். டர்போ இல்லாத என்ஜினுக்குச் சக்தியும் அதே அளவு போகும். கடைக்காரர் சொன்ன பத்து எச்பி உண்மையாகவே வந்திருந்தாலும் ஏற்காட்டில் ஒண்டிக்கடை போய்ச் சேர்வதற்குள் மலையே அதைத் தின்றுவிட்டிருக்கும். மலையில் இழுவை வேண்டுமானால் டர்போ வண்டிதான், அல்லது ஒரு கியர் குறைத்து மிதிக்க வேண்டும்.

சரி, சத்தம். 4,000 ஆர்பிஎம் தாண்டியதும் போனட்டுக்குள்ளிருந்து ஒரு உறுமல் வருகிறது பாருங்கள், பழைய ஏர்பாக்ஸ் இவ்வளவு நாளாக அதை அமுக்கி வைத்திருந்தது. வெளியே நிற்பவருக்குப் பெரிதாகக் கேட்காது, ஓட்டுகிறவருக்கு மட்டும்தான், சைலன்சர் மாற்றியவன் மாதிரி தெருவே திரும்பிப் பார்க்காது. ஓமலூர் பைபாஸில் ஓவர்டேக் பண்ணும்போது ஒவ்வொரு முறையும் சிரிப்பு வருகிறது. 16,000 ரூபாய்க்கு எனக்கு அது போதும். மைலேஜில் மாற்றம் தெரியவில்லை, சத்தம் கேட்கவென்றே மிதித்தால் குறையத்தான் செய்யும்.

பராமரிப்பு நம்ம ஊருக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. மாமாங்கம் பக்கம் தினமும் போய் வருகிறவர்களுக்கு வெள்ளைக்கல் (மாக்னசைட்) தூசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காட்டன் ஃபில்டரைக் கழுவி, நிழலில் முழுதாகக் காயவைத்து, அதற்குரிய எண்ணெயை அளவாகத் தடவ வேண்டும். அதிகம் தடவினால் எண்ணெய் பறந்துபோய் சென்சார் கம்பியில் படிந்து கணக்கைக் கெடுக்கும். பம்பருக்குள் கீழே இறக்கி மாட்டும் நீளக் குழாய் மாடலையும் காட்டினார்கள், வேண்டாம் என்றேன். மழை நாளில் தேங்கிய தண்ணீரில் இறக்கி அது தண்ணீரை உறிஞ்சினால் கனெக்டிங் ராடு வளைந்து என்ஜினே காலி.

சட்டப்படி, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனை மாற்றக்கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் சர்வீஸ் சென்டரிலும் கேள்வி வரும். அதனால் பழைய ஏர்பாக்ஸ், குழாய், கிளிப், போல்ட் எல்லாவற்றையும் கடையிலேயே விடாமல் ஒரு சாக்கில் போட்டு வாங்கி வந்துவிடுங்கள். எனக்கு “அதை என்னங்க சார் பண்ணப் போறீங்க” என்றுதான் கேட்டார்கள், கேட்டு வாங்கியதால் கிடைத்தது.