பாம்பனில் சீட்டுக் கேட்கும் மருந்துக்கடை

எங்க அம்மா முப்பது வருசம் பாசி எடுக்கக் கடலில் இறங்கியவர். விரலில் துணி சுற்றிப் பாறையில் பாசி பறித்த கை, ரெண்டு வருசம் முன்னால் காலையில் செம்பைக்கூடப் பிடிக்க முடியாமல் மடங்கிப் போச்சு. சரவாங்கி, அதாவது முடக்குவாதம்.

அப்போ நாங்க மருந்து வாங்கினது இந்தக் கடையில் இல்லை, வேறொரு கடையில். பேர் வேண்டாம். கைவலி என்றதுமே டாக்டர் சீட்டுக் கேட்காமல், பேப்பரில் மடித்து வேளைக்கு மூணு மாத்திரை கொடுத்தாங்க. மூணாம் நாளே அம்மா உட்கார்ந்து மீன் அரிஞ்சாங்க. எட்டு மாசம் அதையேதான் வாங்கினோம். முகம் வட்டமாக உப்பிச்சு, லேசாக இடித்தாலே தோல் கன்றிச்சு. சொந்தக்காரங்க "சதை பிடிச்சிருக்கு, நல்லாயிருக்கே" என்றாங்க. ஒரு வாரம் மாத்திரை வாங்காமல் விட்டதும் வாந்தி, மயக்கம், பிரஷர் இறங்கி, ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். சர்க்கரையே இல்லாதவங்களுக்கு அன்னைக்கு 280.

அந்த மூணில் ஒன்று ஸ்டீராய்டு என்று அங்கேதான் தெரிந்தது. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரினல் சுரப்பி தினமும் கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டைத் தானே சுரக்குமாம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு மாத்திரையை மாசக்கணக்கில் போட்டால் அந்தச் சுரப்பி சுரப்பதைக் குறைத்துவிடும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் உடம்புக்கு இதுவும் இல்லை, அதுவும் இல்லை. அதனால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை முறையாக எழுதிக் கொடுத்து, படிப்படியாகத்தான் குறைக்கணும் என்றார் டாக்டர்.

அந்தச் சீட்டோடு போனதுதான் பாம்பன் கடைத்தெருவில் இருக்கும் இந்தச் சின்னக் கடை. மருந்து கொடுக்கிற அக்கா சீட்டை முழுசாகப் படிச்சாங்க. 10 மில்லிகிராம் எந்தத் தேதி வரை, 7.5 எப்போ, 5 எப்போ என்று கவர் மேலேயே பேனாவால் எழுதினாங்க. "காலைல சாப்பிட்ட பிறகு போடுங்கம்மா, ராத்திரி போட்டா தூக்கம் வராது" என்றாங்க. "தினமும் கருவாடா?" என்று கேட்டு, இந்த மருந்து உடம்பில் உப்பையும் தண்ணியையும் தேக்கும், கொஞ்ச நாளைக்குக் குறைங்க என்றாங்க. எலும்பு தேயாமல் இருக்க டாக்டர் எழுதின கால்சியத்தை விட்டுடாதீங்க, கண்ணில் புரை வருதா என்று பார்த்துக்கோங்க என்றும் சொன்னாங்க. எட்டு மாசத்தில் ஒருத்தரும் எங்களிடம் சொல்லாத விஷயங்கள்.

ஒருநாள் சீட்டை மறந்துட்டுப் போனேன். உச்சி வெயிலில் திருப்பி அனுப்பிட்டாங்க. அன்னைக்கு எனக்குக் கோபம்தான். அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மருந்து, சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது என்று காட்டினாங்க. அதே வலிக்கு அம்மாவோட மாத்திரையைக் கேட்டு வந்த பக்கத்து வீட்டு மதினியையும் டாக்டரிடம்தான் அனுப்பினாங்க.

இந்த மருந்தை விஷம் என்று நான் சொல்லவே மாட்டேன். இதே குடும்பத்துக் கார்ட்டிசோனை 1948இல் அமெரிக்காவில் சரவாங்கியால் முடங்கிய ஒரு பெண்ணுக்குப் போட்டுப் பார்த்தாங்க. அந்த ஆராய்ச்சிக்கு 1950இல் நோபல் பரிசு கொடுத்தாங்க. கொரோனாவில் ஆக்சிஜன் வைத்துக் கிடந்த எத்தனையோ பேரை டெக்சாமெத்தசோன் காப்பாற்றியது. எங்க வீட்டிலேயே தம்பி மகனுக்கு வீசிங் வராமல் தடுக்க உறிஞ்சுகிற பம்ப்பில் இருப்பதும் ஸ்டீராய்டுதான். எதற்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று தெரியாமல் பேப்பரில் மடித்துக் கொடுத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியலை.

குறையும் உண்டு. 10 மில்லிகிராம் சில நாள் இருக்காது. வயசானவங்க உட்கார ஒரு பெஞ்சுகூட இல்லை. ராத்திரி ஒன்பதுக்கு மூடிடுவாங்க, ஞாயிறு மத்தியானத்தோடு சரி. மாத்திரை தீர நாலு நாள் இருக்கும்போதே போயிடுங்க. சீட்டை மறக்காதீங்க.