பழைய ரிவியேராவா, லிங்கன் மார்க் 8-ஆ?
1990களின் பெரிய அமெரிக்கக் கூப்பே (இரண்டு கதவுக் கார்) தேடினால் இந்த இரண்டும் கட்டாயம் கண்ணில் படும். தினமும் ஓட்டத்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், ப்யூக் ரிவியேரா (1995–99). இன்னொரு வண்டி கைவசம் இருந்தால் மார்க் 8 பக்கம் போகலாம்.

ஓட்டும் சுகத்தில் மார்க் 8 (1993–98) ஒரு படி மேல்: 4.6 லிட்டர் வி8, 280 குதிரைத்திறன், பின்சக்கர இழுவை. தொல்லை ஏர் சஸ்பென்ஷனில், அதாவது காரைக் காற்றுப்பைகளில் தாங்கும் அமைப்பில். ரப்பர் காற்றுப்பைகள் வயதாகி வெடிப்பு விட்டுக் கசியும். காலையில் பார்த்தால் கார் தரையோடு உட்கார்ந்திருக்கும். கண்டுகொள்ளாமல் விட்டால் பைகளுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிக் கருகிவிடும். அலுத்துப்போய்ப் பலர் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறுகிறார்கள். அப்புறம் அந்த மிதப்பு இருக்காது, அதற்கு எதற்கு மார்க் 8?

ரிவியேராவில் சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) வைத்த 3.8 லிட்டர் வி6-ஐயே பாருங்கள். ஐடிலில் (கார் நிற்கும்போது எஞ்சின் மட்டும் ஓடுகையில்) கோலிக்குண்டு உருள்வதுபோல் சத்தம் வந்தால் பெரும்பாலும் சூப்பர்சார்ஜருக்குள்ளே இருக்கும் சின்ன பிளாஸ்டிக் கப்ளர் (இணைப்புத் துண்டு)தான் தேய்ந்திருக்கும். கைப்பழக்கம் உள்ளவர் வீட்டிலேயே மாற்றலாம். போன்டியாக் கிராண்ட் ப்ரீயிலும் இதே எஞ்சின் வந்ததால் பாகத்துக்கு அலைய வேண்டாம்.

பாடி பாகங்கள் கிடைப்பது இரண்டுக்குமே பாடுதான். 1997–98 மார்க்கின் நியான் பிரேக் விளக்கு எரிகிறதா என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.