கல்யாணப் பூ: அலங்காரக்காரரிடம் விடுவதா, மொத்தமாக வாங்கி நாமே செய்வதா?

கல்யாணத்துக்குப் பூ ஏற்பாடு செய்ய மூன்று வழி இருக்கிறது. முழுப் பொறுப்பையும் அலங்காரக்காரரிடம் கொடுத்துவிடலாம். பூவை மொத்த விலைக்கு வாங்கி வீட்டு ஆட்களே செய்யலாம். அல்லது வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். மூன்றிலும் பூ ஒரே பூதான். விழாவுக்கு முந்தைய 48 மணி நேரம் அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் எல்லாம் இருக்கிறது.

அலங்காரக்காரரின் விலையைப் பார்த்ததும், மொத்த விலையோடு ஒப்பிட்டு "இவ்வளவா?" என்று தோன்றும். பூ வந்து இறங்கியதும் தரம் பிரிப்பது, இலை கழிப்பது, குளிரில் வைப்பது, கட்டுவது, மண்டபத்துக்கு ஏற்றிப்போய் நிறுத்துவது, முடிந்ததும் கழற்றி எடுத்துப்போவது எல்லாம் அந்தத் தொகைக்குள்தான் வருகின்றன. ஜாடிகளும் பெரும்பாலும் வாடகைக்குத்தான். அவற்றைத் திருப்பித் தருவது யார், உடைந்தால் என்ன கணக்கு என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

கொட்டேஷனில் "மேடை அலங்காரம், மொத்தம் இவ்வளவு" என்று ஒரே வரி இருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மேடைப் பூவின் அகலம், உயரம், எந்தெந்தப் பூ, ஏறக்குறைய எத்தனை காம்பு, எத்தனை மேசை என்று பிரித்து எழுதி வாங்குங்கள். முக்கியமான வரி மாற்றுப் பூவைப் பற்றியது. கேட்ட பூ அன்றைக்கு வராமல் போவது இந்தத் தொழிலில் சாதாரணம். "கிடைக்காவிட்டால் அதே நிறத்தில், அதே பருமனில் வேறு பூ" என்று எழுத்தில் இருந்தால் தகராறு வராது. நிறத்தைச் சொல்ல போன் படம் போதாது. திரைக்குத் திரை அது மாறும். புடவையோ கவுனோ, அதிலிருந்து ஒரு துண்டுத் துணியைக் கையில் கொடுங்கள். வெள்ளையிலேயே பால் வெள்ளை, தந்த வெள்ளை, பச்சை ஓடிய வெள்ளை என்று உண்டு. தந்த நிறத் துணிக்குப் பக்கத்தில் பளிச்சென்ற வெள்ளை ரோஜா வைத்தால் துணி அழுக்காகத் தெரியும்.

இனி நாமே செய்வது. 20 மேசை, மேசைக்கு 15 காம்பு என்று வைத்தால் 300. ஒடிந்தது, வாடியது போக 10 முதல் 15 சதவீதம் கூடுதலாக வாங்க வேண்டும். ஆக, சுமார் 340 காம்பு. வாளிக்கு 30 என்றாலும் 12 வாளி, அவற்றை வைக்க வெயில் படாத குளிர்ந்த அறை. ஒரு காம்பின் கீழ் இலைகளைக் கழித்து, நுனியைச் சாய்வாக வெட்டித் தண்ணீரில் வைக்க ஒரு நிமிடம் என்றால், அதுவே கிட்டத்தட்ட ஆறு மணி நேர வேலை. பழக்கம் இல்லாதவர் ஒரு மேசைக்கு அடுக்க 25 நிமிடம் எடுப்பார்; 20 மேசைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல். மூன்று பேர் சேர்ந்தால் முடியும். ஆனால் அந்த மூன்று பேரும் விழாவுக்கு முந்தைய நாள் வேறெதற்கும் கிடைக்க மாட்டார்கள்.

கெட்டுப்போவதும் இந்த இடத்தில்தான். ரோஜா இறுக்கமான மொட்டாக வரும். விரிய இரண்டு நாள் வேண்டும். லில்லிக்கு நான்கைந்து நாள். விரிய ஆரம்பித்ததுமே உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட வேண்டும், விட்டால் துணியில் பட்ட கறை எளிதில் போகாது. டேலியா நேர்மாறு: மொட்டாக வெட்டினால் விரியாது, விரிந்ததும் சில நாள்தான் தாங்கும், அதனால் கடைசியில் வாங்க வேண்டும். ரோஜாவின் கழுத்து தொங்கினால் காம்புக்குள் காற்றோ பாக்டீரியாவோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். காம்பை மூன்று சென்டிமீட்டர் வெட்டி, தலை நிமிர்ந்து நிற்கும்படி காகிதத்தில் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஆழமாக இரண்டு மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் நிமிரும். ஹைட்ராஞ்சியா வாடினால் காம்பைப் புதிதாக வெட்டி, தலையையே அரை மணி நேரம் தண்ணீரில் முக்கி வைக்கலாம். அது பூ வழியாகவும் தண்ணீர் குடிக்கும்.

வீட்டு ஃப்ரிட்ஜில் வைப்பது பலர் செய்யும் தவறு. உள்ளே இருக்கும் பழங்கள் விடும் எத்திலீன் வாயுவில் கார்னேஷன் இதழைச் சுருட்டிக்கொள்ளும், ஆர்க்கிட் வதங்கி உதிரும். ரோஜாவுக்கு 2 முதல் 4 டிகிரி நல்லது. அதே குளிரில் அந்தூரியமும் ஆர்க்கிட்டும் கறுத்துப்போகும்.

ஃபோமில் (தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், காம்பு செருகும் பஞ்சு போன்ற கட்டி) செருகுவதாக இருந்தால், கட்டியைத் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தானாக அமிழும்வரை பொறுங்கள். கையால் அமுக்கினால் வெளியே நனைந்து நடுவில் காய்ந்தே இருக்கும், அங்கே செருகிய பூ சில மணி நேரத்தில் தலை சாயும். செருகிய காம்பை லேசாக மேலே இழுத்தாலும் அடியில் வெற்றிடம் விழுந்து தண்ணீர் எட்டாது. ஃபோம் மக்காத பொருள் என்பதால், முடிந்த இடங்களில் ஜாடிக்குள் கம்பி வலையைச் சுருட்டி வைத்து அதில் நிறுத்துவது எங்களுக்குப் பிடித்த முறை.

எங்கள் தேர்வு மூன்றாவது வழி. மணமக்கள் மேல் இருக்கும் பூவும் மேடைப் பூவும் அலங்காரக்காரருக்கு. மணமகள் கையில் பிடிக்கும் கைக்கொத்து ஒன்றுக்கே 25 முதல் 40 காம்பு பிடிக்கும். கம்பி சுற்றிக் கட்டுவது பழகிய கைக்குத்தான் வரும். மேடைக்கு ஏணியும் ஆளும் வேண்டும். மேசைப் பூ மட்டும் வீட்டார் வேலை, அதுவும் ஒரே வகை, ஒரே நிறம், குட்டை ஜாடி. ஒரு மேசை கொஞ்சம் பிசகினாலும் யார் கண்ணிலும் படாது.

இப்படிப் பிரிப்பதை அலங்காரக்காரரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அது அட்வான்ஸ் கொடுக்கும் முன் தெரிவது நல்லது. ஒத்துக்கொண்டால் மேசைப் பூவையும் அவரே, அதே லாட்டில், இலை கழித்துத் தண்ணீர் குடித்த நிலையில் வாளியோடு தரும்படி கேளுங்கள். மொத்த விலையைவிடக் கொஞ்சம் கூடும், ஆனால் மேடை நிறமும் மேசை நிறமும் ஒத்துப்போகும், ஆறு மணி நேர வேலையும் மிச்சம். வாளி வரும் நேரத்தை எழுதி வாங்குங்கள், ஜாடிகளை அதற்கு முன்பே கழுவி வரிசையாக வைத்துவிடுங்கள்.